பொழுது பிறழ்ந்தால் பொறுப்பு யாருடையது?

தமிழர் வாழ்வை இலக்கணமாக வகுத்த தொல்காப்பியர், நிலத்தையும் பொழுதையும் முதற்பொருள் என்றார். அந்நிலத்தில் அப்பொழுதுக்கேற்பத் தோன்றி வாழும் மரம், பூ, புள், விலங்கு, நீர், உணவு, தொழில் முதலியவற்றைக் கருப்பொருள் என்றார். கூடலும் பிரிதலும் இருத்தலும் இரங்கலும் ஊடலுமாகிய மனித ஒழுக்கத்தை உரிப்பொருள் எனக் கூறி மூன்றாவதாக நிறுத்தினார். பாடலிலே சிறந்து நிற்பது உரிப்பொருளே என்று உரையாசிரியர்கள் விளக்குவர். அது உண்மையே. ஆயினும், மாடம் எத்துணை உயர்ந்ததாயினும் அடித்தளம் இன்றி நில்லாது. முதல் நிலைத்திருந்தால்தான் கரு நிலைக்கும். கரு நிலைத்தால்தான் உரி நிலைக்கும்.

இரண்டாயிரம் ஆண்டுகளாக ஐயமின்றி ஏற்கப்பட்ட இவ்வரிசை, நம் காலத்தில் தலைகீழாகிவிட்டது. மூன்றாவதாக நின்ற மனித ஒழுக்கம் முதலாவதாக நின்ற பொழுதையே மாற்றத் தொடங்கிவிட்டது. இம்மாற்றத்தை நாம் வாழும் திருவனந்தபுரத்தில் வைத்துக் காண்பதும், அதன் பொறுப்பு யாரைச் சாரும் என்று ஆராய்வதும் இக்கட்டுரையின் நோக்கம்.

முதற்பொருள்: பொழுதும் நிலமும்

நெல்லையிலிருந்தும் மதுரையிலிருந்தும் இந்நகருக்கு வந்து குடியேறிய குடும்பங்களுக்கு, இங்கு முதலில் வியப்பளித்தது மழையாகத்தான் இருந்திருக்கும். மலைக்குக் கிழக்கே தென்மேற்குப் பருவக்காற்று வெறும் சாரலாகவே வந்து சேரும். மலைக்கு மேற்கே அதுவே பெருமழை. வைகாசி நடுவில் தொடங்குவதை இவ்வூரார் இடவப்பாதி என்பர். ஐப்பசியில் இடியோடு வருவதைத் துலாவர்ஷம் என்பர். இரண்டு மழைக்கும் உரிய நகரம் இது.

இந்நாட்டு உழவர் ஆண்டினை 27 ஞாற்றுவேலைகளாகப் பகுத்து, இன்ன ஞாற்றுவேலையில் இன்னது நடுக என்று வரையறுத்திருந்தனர். மிளகுக் கொடி நடுவதற்குத் திருவாதிரை ஞாற்றுவேலையே சிறந்தது என்பது வழக்கு. போர்த்துகீசியர் மிளகுக் கொடிகளைத் தம் நாட்டுக்குக் கொண்டு செல்கின்றனர் என்று கோழிக்கோட்டுச் சாமூதிரி மன்னர் கவலையுற்றபோது, ‘கொடியைத்தானே கொண்டு செல்வர்; நம் திருவாதிரை ஞாற்றுவேலையைக் கொண்டு செல்ல முடியுமா?’ என்று அமைச்சர் தேற்றியதாக ஒரு கதை வழங்குகிறது. பொருளைக் கவரலாம், பொழுதைக் கவர இயலாது என்ற உறுதி அக்காலத்தில் இருந்தது. இன்றோ, எவரும் கப்பலேற்றிச் செல்லாமலேயே ஞாற்றுவேலை நம் கைநழுவுகிறது.

கேரளத்தில் தென்மேற்குப் பருவமழை தொடங்கும் இயல்பான நாள் ஜூன் 1. 2023-இல் அது ஜூன் 8 அன்று வந்தது. 2025-இல் மே 24 அன்றே வந்துவிட்டது. 2009-க்குப் பின் இவ்வளவு விரைவில் வந்ததில்லை. வருகை நாள் முன்பின் ஆவது பண்டும் உண்டு. அதனை மட்டும் கொண்டு முடிவு கட்டுதல் முறையன்று. கருத வேண்டியது மழையின் போக்கு. 2023-ஆம் ஆண்டு ஆகஸ்டு, 1901-க்குப் பின் இந்தியா கண்ட மிக வறண்ட ஆகஸ்டு மாதமாகும். அவ்வாண்டே அக்டோபர் நடுவில் திருவனந்தபுரத்தில் ஓரிரவில் கொட்டிய மழையில் ஆமயிழஞ்சான் தோடு கரைபுரண்டு, தாழ்வான பகுதிகளெல்லாம் நீரில் மூழ்கின. மழைநாளில் மழையின்மையும், பெய்யும் நாளில் பேரளவும் என்பதே புதிய போக்கு.

இதற்குக் காரணம் விளங்காத மாயமன்று. நிலக்கரியும் எண்ணெயும் எரிப்பதால் எழும் கரியமில வாயு, ஆலைத் தொழில்கள் பெருகுவதற்கு முன் காற்றில் பத்து லட்சத்தில் ஏறத்தாழ 280 பங்கு இருந்தது. இன்று 420 பங்கையும் கடந்துவிட்டது. போர்வையின் கனம் கூடினால் உள்ளிருப்போர்க்கு வெப்பம் கூடுவது போல, புவியின் வெப்பம் கூடுகிறது. 2024-ஆம் ஆண்டின் உலகச் சராசரி வெப்பம், ஆலைத் தொழிலுக்கு முந்திய காலத்தினும் ஏறத்தாழ ஒன்றரைப் பாகை மிகுதி என்று உலக வானிலை அமைப்பு அறிவித்தது. காற்றின் வெப்பம் ஒரு பாகை கூடினால், அது ஏந்தக்கூடிய நீராவி ஏறத்தாழ 7 விழுக்காடு கூடும். ஆதலின் நீரைத் தேக்கி வைக்கும் நாளும் நீள்கிறது. விடும்போது கொட்டும் அளவும் பெருகுகிறது.

‘அந்தக் காலத்து மழையே வேறு’ என்று முதியோர் பேசுவது எக்காலத்தும் உண்டு என்று சிலர் நகைக்கக்கூடும். ஆனால் இந்நகரில் வானத்தை அளந்து எழுதும் வழக்கம் ஏறத்தாழ இருநூறாண்டுப் பழமை உடையது. சுவாதித் திருநாள் மன்னர் 1837-இல் இங்கு வானாய்வுக் கூடம் நிறுவினார். பின்னர் அதன் தலைவராயிருந்த ஜான் ஆலன் பிரௌன் என்னும் ஸ்காட்லாந்து அறிஞர், 1850-களில் அகத்திய மலையின் உச்சியிலேயே ஓர் ஆய்வுக் குடிலை எழுப்பி அளவைகள் எடுக்கச் செய்தார். தமிழ் முனிவரின் பெயர் தாங்கிய மலையில் காற்றையும் வெப்பத்தையும் அளந்தனர் என்பது நாம் பெருமையோடு நினைக்கத்தக்கது. இன்று பேசுவது முதியோர் நினைவன்று. எழுதி வைத்த கணக்கு.

பொழுது மயங்கியதோடு நின்றதா? திணை மயக்கத்துக்கு இடம் தந்த தொல்காப்பியரும் நிலங்கள் இரண்டு ஒருங்கே மயங்குதல் இல்லை என்றே வகுத்தார். சங்குமுகம் கடற்கரையில் இன்று அதுவும் நிகழ்கிறது. மாலை நேரத்தில் குடும்பத்தோடு சென்று அமர்ந்த மணற்பரப்பின் பெரும்பகுதியைக் கடல் கொண்டுவிட்டது. 2021 மே மாதத்தில் தவ்தே புயலின்போது கரைச்சாலையே இடிந்து வீழ்ந்தது. அதனை அடுத்த வலியதுறையிலும் வீடிழந்த மீனவக் குடும்பங்கள் முகாம்களில் ஒதுங்க நேர்ந்தது. கரையில் எழுப்பிய கட்டுமானங்களும் மணல் ஓட்டத்தின் மாறுதலும் இதற்குத் துணைக் காரணங்களே. எனினும் ஏறிவரும் கடலும் சீறிவரும் அலையும் பங்காளிகள் என்பதில் ஐயமில்லை.

கருப்பொருள்: பூவும் புள்ளும் மீனும்

பொழுது பிறழ்ந்தால் முதலில் ஏமாறுவன வாயில்லா உயிர்கள். சித்திரை விஷுவுக்குக் கனி காண வேண்டிய கொன்றை, மாசியிலேயே பூத்து விஷு வருமுன் உதிர்ந்து விடுவதை அண்மை ஆண்டுகளில் இந்நகரத் தெருக்களில் பலரும் கண்டுள்ளோம். குறுந்தொகையில் ஒரு தோழி, கார்காலம் வந்தும் தலைவன் வரவில்லையே என்று வருந்தும் தலைவியைத் தேற்றுவதற்காக, ‘இது பருவமழையன்று, காலமல்லாக் காலத்து மழையைக் கண்டு கொன்றைகள் பேதைமையால் மலர்ந்துவிட்டன’ என்னும் கருத்துப்படப் பேசுகிறாள். அன்று அது அன்பினால் கூறிய பொய். இன்று அப்பொய் மெய்யாகிவிட்டது.

சில உயிர்கள் இடம் மாறிக்கொள்கின்றன. 1933-இல் திருவிதாங்கூர், கொச்சி நாடுகளின் பறவைகளைக் கணக்கெடுத்த சாலிம் அலியின் பட்டியலில் மயில் இடம்பெறவில்லை. இன்றோ இந்நகரின் புறத்தேயும் மயில் அகவுகிறது. மயில் வறண்ட நிலத்தை விரும்பும் பறவை. அதன் பரவல் நிலம் வறள்வதன் குறி என்று கேரள வேளாண் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2020-இல் எழுதினர். முருகனின் ஊர்தி நம் வீட்டு மதில் மேல் வந்து நிற்பது கண்ணுக்கு இன்பம்தான். ஆனால் அது கொண்டுவரும் செய்தி இன்பமானதன்று.

சில உயிர்கள் விலகிச் செல்கின்றன. சாளை என்றும் மத்தி என்றும் வழங்கும் மீன், இக்கரையின் ஏழைக்கும் எளியவர்க்கும் ஊட்டம் தந்தது. கேரளத்தில் 2012-இல் ஏறத்தாழ 4 லட்சம் டன் மத்தி கிடைத்தது. 2021-இல் ஏறத்தாழ 3,300 டன்னே கிடைத்தது என்பது கொச்சியிலுள்ள மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிலையத்தின் கணக்கு. பின்னர் ஓரளவு மீண்டது. கடல்நீர் சூடேறுதலும் மழையின் ஏற்றத்தாழ்வும் மத்தியின் இரையையும் இனப்பெருக்கத்தையும் குலைக்கின்றன; குஞ்சுகளையும் விடாது வாரும் வலைகள் அக்கேட்டைப் பெருக்குகின்றன. பழி ஒன்றன் மேல் மட்டும் இல்லை.

மூன்றாம் வகை உயிர்களே நம் நெஞ்சை உறுத்த வேண்டியவை. செங்கோட்டைக் கணவாய்க்குத் தெற்கே, அகத்திய மலையை உள்ளடக்கிய அசம்பு மலைத்தொடரின் உயர்ந்த சோலைகளில் ஒரு நீலநிறச் சிறு பறவை வாழ்கிறது. அதனைத் தனி இனம் என்று அறிவியலார் கண்டு, 2017-இல் பெயரிட்டனர். சோலக்கிளி என்பர், கிளியினம் அன்று. நம் ‘சோலை’ என்னும் சொல்லே அதன் அறிவியற் பெயரிலும் அமர்ந்துள்ளது. உலகில் வேறெங்கும் இப்பறவை இல்லை. அதே சோலைகளில் வேறெங்கும் காணாத தவளைகளும் உண்டு.

மலை மேல் ஏற ஏறக் குளிர்ச்சி மிகும் என்பது நாம் அறிந்ததே. ஆயிரம் மீட்டருக்கு ஏறத்தாழ ஆறு பாகை குறையும். ஆகவே வெப்பம் ஒரு பாகை கூடினால், பழைய குளிர்ச்சியைத் தேடும் உயிர் ஏறத்தாழ 150 மீட்டர் மேலே செல்ல வேண்டும். அகத்தியகூடத்தின் உயரம் 1,868 மீட்டர். அதற்கு மேல் ஏறுவதற்கு மலை இல்லை. கீழே இறங்கி வேறு மலைக்குப் போகலாம் எனின், இடையே வெப்பமான கணவாய் கிடக்கிறது. அக்குளிர்ச் சோலைப் பறவை அதனைக் கடப்பதில்லை. மயிலுக்கும் மத்திக்கும் போக்கிடம் உண்டு, சோலக்கிளிக்கு இல்லை.

உரிப்பொருள்: நம் ஒழுக்கம்

இனி வினாவுக்கு வருவோம். இப்பறவைக்கு நாம் கடமைப்பட்டவர்களா? மூன்று மறுப்புகள் எழக்கூடும்.

‘மனிதரே பசித்திருக்கும்போது பறவைக்கு இரங்குவதா?’ என்பது முதல் மறுப்பு. பறவையின் இடர் வேறு, மனிதரின் இடர் வேறு என்று எண்ணுவதால் எழுவது இது. அகத்திய மலைப் பகுதியில் பிறக்கும் கரமனை ஆறுதான் பேப்பாறை, அருவிக்கரை அணைகளின் வழியே இந்நகரின் குழாய்களுக்கு வருகிறது. அம்மலையின் கீழைச் சரிவில் பிறக்கும் தாமிரபரணிதான் நெல்லைச் சீமையை வாழ்விக்கிறது. நெல்லையிலிருந்து வந்தோர்க்கு, விட்டு வந்த ஊருக்கும் வந்து சேர்ந்த ஊருக்கும் தாய்மலை ஒன்றே. சோலையின் ஈரம் வற்றினால் பறவை முதலில் அறியும். நாம் பின்னர் அறிவோம். எனினும் பயன் கருதி மட்டும் இதனைச் சொல்லவில்லை. அப்பறவையால் எவர்க்கும் ஒரு காசுப் பயனும் இல்லை என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும், ஒருவன் வாழும் இடத்தை நாம் எரித்துவிட்டு ‘உன்னால் எமக்கு என்ன பயன்?’ என்று கேட்பது அறமாகாது.

‘எரித்தவர் நாம் அல்லவே’ என்பது இரண்டாம் மறுப்பு. இது எளிதில் தள்ளத்தக்கதன்று. இந்தியர் ஒருவரால் ஓராண்டில் எழும் கரியமில வாயு, உலகச் சராசரியில் பாதிக்கும் குறைவு. செல்வ நாடுகள் நூற்றைம்பது ஆண்டுகளாக எரித்ததன் விளைவை, மாதச் சம்பளத்தில் பேருந்து ஏறிச் செல்லும் எழுத்தர் குடும்பத்தின் தலையில் சுமத்துவது நியாயமன்று. இதில் நமக்குத் தெளிவு வேண்டும். பழி வேறு; கடமை வேறு. பழி அவரவர் செய்த பங்கின் அளவினது. கடமை அவரவர் நின்ற இடத்தின் அருகாமையாலும், செய்யத்தக்க ஆற்றலாலும் வருவது. கிணற்றில் குழந்தை விழுந்தால், தள்ளியவன் வந்து எடுக்கட்டும் என்று அருகில் நிற்பவன் காத்திருப்பதில்லை.

இதனை நூலில் தேட வேண்டுவதில்லை, இக்கடற்கரையே காட்டியது. 2017 நவம்பர் 30 அன்று, இலங்கையை ஒட்டி உருவான காற்றழுத்தத் தாழ்வு விரைந்து வலுத்து ஒக்கிப் புயலாயிற்று. எச்சரிக்கை எட்டும் முன்பே கடலுள் சென்றிருந்த பூந்துறை, விழிஞ்ஞம் மீனவரும், தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை முதலிய குமரிக் கரை மீனவருமாகப் பலர் மீளவில்லை. மலையாளம் பேசுவோரும் தமிழ் பேசுவோரும் ஒரே அலையில் மறைந்தனர். அவ்வொரு புயலை மட்டும் சுட்டி, இது புவி வெப்பத்தால் வந்ததே என்று அறுதியிடல் தகாது. ஆனால் அரபிக்கடல் சூடேறி வருவதும், அண்மைப் பத்தாண்டுகளில் அங்குப் புயல்கள் மிகுந்துள்ளதும் ஆய்வாளர் கண்ட உண்மை. உலகைச் சூடாக்கியதில் அம்மீனவர் பங்கு மிகச் சிறிது. இழப்போ பெரிது.

ஒன்பது மாதம் கழித்து, 2018 ஆகஸ்டில் கேரளம் பெருவெள்ளத்தில் மூழ்கியது. அப்போது இதே திருவனந்தபுரம், கொல்லம் கரைகளின் மீனவர் தம் படகுகளை லாரிகளில் ஏற்றிக்கொண்டு செங்கன்னூருக்கும் பிற ஊர்களுக்கும் சென்றனர். முன்பின் அறியாத மக்களைப் பல்லாயிரக்கணக்கில் மீட்டனர். தம் வீட்டுத் துயரம் ஆறாத நிலையில், தம்மால் விளையாத வெள்ளத்தில் இறங்கினர். பழியைக் கணக்கிட்டிருந்தால் படகு கரையிலேயே இருந்திருக்கும். படகும் இருந்தது, நீரை அறிந்த கையும் இருந்தது. அதுவே போதும் என்று அவர்கள் எண்ணினர். கடமை என்பதற்கு இதனினும் தெளிவான விளக்கம் நாம் அறியோம்.

‘நாம் இவ்வூரார் அல்லரே’ என்பது மூன்றாம் மறுப்பு. வாயால் சொல்வோர் சிலரே. மனத்தில் கொண்டோர் பலர். பணிக்காக வந்தோம், ஓய்வு பெற்றதும் ஊர் திரும்புவோம், அதுவரை இது வாடகை வீடு என்னும் எண்ணம் குடியேறியவர் நெஞ்சில் ஒரு மூலையில் கிடக்கும். வாடகை வீடாயினும் கூரை ஒழுகினால் நனைவது குடியிருப்போனே அன்றோ? அதனினும் ஆழ்ந்த காரணம் ஒன்று உண்டு. இடம்பெயர்தல் என்பது என்ன என்பதை நன்கறிந்தவர் நாமே. ஒரு நிலத்தில் வாழ வழியின்றிப் போனால் மற்றொரு நிலம் நோக்கி நடக்கலாம் என்னும் வாய்ப்பினால்தான் நம் குடும்பங்கள் உயர்ந்தன. அவ்வாய்ப்பு எல்லார்க்கும் இல்லை.

2020 ஆகஸ்டு 6 இரவு, மூணாற்றை அடுத்த பெட்டிமுடியில் மண் சரிந்து தேயிலைத் தொழிலாளர் குடியிருப்புகளை மூடியது. எழுபது பேர் மாண்டனர். பெரும்பாலோர் தலைமுறைகளுக்கு முன் மலையேறிய தமிழ்க் குடும்பத்தினர். வேறிடம் பார்த்துக் குடியேற அவர்களுக்கு நிலமும் இல்லை, பொருளும் இல்லை. 2024 ஜூலை 30 அன்று வயநாட்டில் முண்டக்கை, சூரல்மலை ஊர்களை அழித்த மழையை ஆராய்ந்த அறிவியலார், மனிதர் ஏற்றிய வெப்பத்தால் அம்மழை ஏறத்தாழ 10 விழுக்காடு மிகுந்தது என்றனர். சரிவில் வாழ்வோர்க்கு அப்பத்தில் ஒரு பங்கே உயிருக்கும் சாவுக்கும் இடைப்பட்ட வேறுபாடு ஆகலாம். சோலக்கிளியும் தேயிலைத் தொழிலாளியும் ஒன்றெனச் சொல்லவில்லை. இருவர்க்கும் பொதுவான நிலை ஒன்றே: பெயர்ந்து செல்ல இடமில்லை. பெயர முடிந்தவர், பெயர முடியாதவர்க்குக் கடன்பட்டவர் என்பதே நாம் சொல்ல வந்த கருத்து.

செய்யத்தக்கவை

கடமை என்று பேசிவிட்டு, செயல் இன்றி முடித்தல் அழகன்று. உலக நாடுகளின் கொள்கையை நாம் வகுக்கப் போவதில்லை. வாக்குரிமை உள்ள குடிமக்கள் என்னும் முறையில் கேட்க வேண்டியதைக் கேட்கலாம். ஆனால் நம் கைக்கு எட்டியவை சில உண்டு.

முதலாவது, வீட்டு மனை. வாழ்நாள் சேமிப்பைக் கொண்டு ஐந்து சென்ட் மனை வாங்குவது நம் குடும்பங்களின் கனவு. மலிவாகக் கிடைப்பது பெரும்பாலும் நிரவப்பட்ட வயலாகவே இருக்கும். நெல்வயல்களையும் நீர்நிலங்களையும் காக்கக் கேரளம் 2008-இல் சட்டம் இயற்றியது. ஆயினும் வாங்குவோர் உள்ளவரை நிரவுவோரும் இருப்பர். வெள்ளாயணி ஏரியை ஒட்டிய புஞ்சைக்கரி வயல்களில் இன்றும் வலசைப் பறவைகள் வந்து இறங்குகின்றன. கொட்டும் மழையை வாங்கிக்கொள்ள இந்நகருக்குள்ள மடியும் அவ்வயல்களே. மலிவைப் பார்க்குமுன் அம்மனை நேற்று என்னவாக இருந்தது என்று கேட்பது நம்மால் இயலும். அதனால் நமக்கு இழப்பு உண்டு. இழப்பில்லாத அறம் எளிது. அதனைக் கற்பிக்க வேண்டுவதில்லை.

இரண்டாவது, குப்பை. 2024 ஜூலை 13 அன்று ஆமயிழஞ்சான் தோட்டில் அடைத்துக் கிடந்த கழிவை அகற்ற இறங்கிய தூய்மைத் தொழிலாளி ஒருவர் மழைநீரில் அடித்துச் செல்லப்பட்டார். மூன்றாம் நாள் உடலே கிடைத்தது. மழையின் சீற்றத்தை நம்மால் குறைக்க இயலாமற் போகலாம். அம்மழை செல்லும் வழியை அடைக்காதிருத்தல் நம்மால் இயலும்.

மூன்றாவது, மழைநீரைக் கிணற்றுக்குள் விடுதல், மின்சாரத்தை அளவோடு செலவிடுதல், வீட்டைச் சுற்றிச் சிறிது மண்ணைச் சிமெண்டு பூசாது விடுதல் போன்றவை. இவை சிறியவை என்பதை அறிவோம். ஆனால் மலையிலும் கரையிலும் உள்ளோர் இடருறும்போது, அவர்களுக்குக் கைகொடுக்கும் மனம் சிறியவற்றில் பழகிய வீட்டில்தான் வளரும்.

இறுதியாக, நம் மக்களுக்கு உண்மையைச் சொல்லுதல். குறுந்தொகைத் தோழி பிரிவால் வாடிய ஒருத்தியைத் தேற்றவே பொய் கூறினாள். தலைவன் திரும்பி வருவான் என்ற நம்பிக்கை அவளுக்கு இருந்தது. பருவமும் அவ்வாறே தானாகத் திரும்பி வரும் என்று நம் பிள்ளைகளிடம் நாம் கூற இயலாது. கொன்றை ஏன் மாசியில் பூத்தது என்று அவர்கள் வினவினால், நடந்ததை நடந்தவாறே சொல்லுவோம். அதனோடு, நம்மால் இயன்றதில் எதனைச் செய்தோம் என்பதையும் சொல்லத்தக்கவராய் வாழ்வோமாக.